தகரத்தில் அரிசி கொட்டும் சத்தம்

யாழினி, கவின்,

நேற்று சாயங்காலம் நான் மேசையைத் தட்டிய வேகத்தில் அம்மா கையிலிருந்த சோப்புத்தூள் பொட்டலம் கீழே விழுந்து பாதி கொட்டிப்போனது. யாழினி, நீ மடிக்கணினியை மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டாய். கவின், நீ அம்மாவிடம் மெதுவாக, "அப்பாவுக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மாவுக்கு விஷயம் தெரியும். அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்லப் போனால் பாதியில் எனக்குக் குரல் மாறிவிடும், அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் படிவம் வரைக்கும்தான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் படியுங்கள்.

நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிற ஓர் அம்மையாருக்கு, விடுமுறையில் உன்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்டு நீ ஓர் இமெயில் எழுதிக்கொண்டிருந்தாய். முன்பின் தெரியாதவர். நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் நீ சொன்னாய்: "என் இமெயில் பேரு ஆறாம் வகுப்புல வச்சது, பிங்கி பாண்டான்னு இருக்கு, அசிங்கம்பா. ஷாலினியோடதுலேர்ந்து அனுப்புறேன். பதில் வந்தா அவ எனக்குச் சொல்லிடுவா."

பதில் வந்தால் அவள் சொல்லிவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் மேசையைத் தட்டினேன். ஷாலினி நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பழைய கூட்டாளி சந்திரனும் நல்லவனாகத்தான் இருந்தான்.

நீங்கள் எல்லாம் தூங்கப் போன பிறகும் தரையில் கொட்டிய சோப்புத்தூளின் வாசனை கூடத்தில் நின்றது. அந்த வாசனையில்தான் நான் என் இளவயதில் ஆறேழு வருடங்கள் வாழ்ந்தேன். புக்கிட் தெங்காவில், துணி துவைக்கும் தூளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. தூள் காற்றில் எப்போதும் மிதக்கும். தலைமுடி, காது, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் அந்த மணம்தான். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தால் சட்டையில் நுரை வரும். பொய்யில்லை, கேட்டுப் பாருங்கள். பெண் பார்க்கப் போன அன்று நான் ரொம்பச் சுத்தமான ஆள் என்று உங்கள் அம்மா நினைத்தாளாம். அந்த எண்ணம் கல்யாணமாகி மூன்று மாதம்கூட நிற்கவில்லை.

நாங்கள் அப்போது ஜார்ஜ் டவுனில், அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் இருந்தோம். வேலைக்குப் போகக் காலையில் கடலைக் கடக்கும் ஃபெரி. கார்களைக் கீழே ஏற்றிக்கொண்டு, மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் போகும் அந்தப் பழைய பெரிய ஃபெரி. பட்டர்வொர்த் துறையில் இறங்கினால் தொழிற்சாலை பஸ் நிற்கும். அடுத்த நிறுத்தம் பாகான் டாலாம். அங்கேதான் சந்திரன் ஏறுவான். அவனுக்கு இடம் பிடித்து என் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பேன். அவன் ஏறியதும் பையை எடுத்து மோந்து பார்த்து, "இன்னைக்கும் முட்டைதானா? உங்கம்மா கோழியே வளக்குறாங்களா லா?" என்பான். மதியம் அவன் அம்மா செய்த நெத்திலிச் சம்பலில் பாதி எனக்கு. அது எழுதி வைக்காத சட்டம் மாதிரி.

சந்திரன் ஸ்டோரில் கிளார்க். ஐந்தாம் படிவம் முடித்தவன், இங்கிலீஷ் நன்றாக வரும். அவன் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, இமெயிலும் இருந்தது. நான் நாலாம் நம்பர் மெஷினில் ஆப்பரேட்டர். எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் ஒரு நம்பர். டெக்னீஷியன்களுக்கு நீலச் சட்டை, பையின் மேல் அவரவர் பெயரை நூலால் தைத்திருப்பார்கள். சிரிக்காதீர்கள். எனக்கு அந்தப் பெயர் தைத்த சட்டையின் மேல் அவ்வளவு ஆசை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை எல்லோரும் "நாலு" என்றுதான் கூப்பிட்டார்கள். மெஷின் நம்பரும் நாலு, ஆளும் நாலு.

அந்த நாலாம் நம்பர் மெஷின் தூள் பெட்டியின் வாயைச் சுடுபசை வைத்து மூடுகிற மெஷின். ஐரோப்பாவிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. ஒரு நாள் அதற்கு நோய் பிடித்தது. நாற்பது ஐம்பது பெட்டி நன்றாக மூடும், பிறகு ஒரு பெட்டி கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். நிறுத்தி, பிடுங்கி எடுத்து, மறுபடி ஓட்ட வேண்டும். டெக்னீஷியன்கள் பேரிங்தான் என்று சொல்லி இரண்டு தடவை மாற்றினார்கள். சரியாகவில்லை. செய்த கம்பெனியையே எப்போதோ மூடிவிட்டார்களாம். அந்த லைனை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. ஒரு நாள் காலை மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிறுத்திவைத்து, இந்த மெஷினை ஓட வைக்கிறவன் யாராக இருந்தாலும் சரி, அவனுக்கு நான் நீலச் சட்டை கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்த மெஷினோடு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றவன் நான்தான். மாட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். பேரிங் தேய்ந்தால் வருகிற கரகரப்பு இல்லை. தகரத்தில் யாரோ ஒரு பிடி பச்சரிசியைக் கொட்டுகிற மாதிரி. சலசலவென்று வந்து நின்றுவிடும். டெக்னீஷியன்களிடம் சொன்னேன். ஒருவர், "அப்ப சோறு வடிச்சுரு லா" என்றார்.

மெஷினின் உள்கதவில் மார்க்கர் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள். ஹென்ரிக் என்று ஒரு பெயர், கீழே ஓர் இமெயில். மெஷினை முதன்முதலில் பூட்டிக் கொடுத்த ஆளாக இருக்க வேண்டும். துடைக்கும்போதெல்லாம் அந்த எழுத்து அழிந்துவிடாமல் நான் சுற்றித் துடைத்திருக்கிறேன், காரணம் தெரியாமலே. அதைச் சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டேன்.

அன்று வீட்டில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும், யாழினி. நேற்று நீ வாசித்துக் காட்டியதைக் கேட்டபோது எனக்கு அந்த நாலு பக்கம்தான் ஞாபகம் வந்தது. தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல் என்று தொடங்கினேன். பிறகு தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்பு. பிறகு என் அப்பா தோட்டத்தில் வேலை செய்து இறந்தது, நான் படிப்பை நிறுத்தியது. பிறகு இன்னொரு மன்னிப்பு. மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் மெஷின் வந்தது. மரியாதை என்றால் நீளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் சந்திரன் அதைப் படித்தான். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மச்சான், பொண்ணு கேட்டா எழுதுற? அவன் மெஷின் செஞ்சவன் லா."

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தான். நான் அவனை எவ்வளவு வெறுத்தாலும் இதை மறைக்க மாட்டேன். அன்று அவன் சொல்லிக் கொடுத்ததுதான் இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல கடிதம். தலைப்பில் 'உதவி' என்று போடாதே, உலகத்தில் எல்லோரும் உதவிதான் கேட்கிறார்கள், எந்த மெஷின், எந்த இடத்தில் சத்தம் என்று போடு என்றான். நீ யார் என்று ஒரு வரி. என்ன ஆகிறது என்று மூன்று வரி. இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று இரண்டு வரி, இல்லாவிட்டால் அவர் பேரிங்கை மாற்று என்று எழுதி வேலையை முடித்துவிடுவார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. இரண்டு கேள்வி கேட்டால் இலேசானதற்கு மட்டும் பதில் வரும். எங்கே முதலில் திறந்து பார்க்க வேண்டும், அதை மட்டும் கேள். அவர் உட்கார்ந்த இடத்தில் கால் மணி நேரத்தில் பதில் சொல்ல முடிகிற மாதிரி கேள்.

"ஒன்னத் தெரியாதவனுக்கு ஒன் கத வேணாம் மச்சான். அவனால என்ன முடியுமோ, அதக் கேளு."

நாலு பக்கம் பன்னிரண்டு வரியானது. என் அப்பா போனார். மன்னிப்புகள் போயின. அரிசி வரியையும் அடிக்கப் போனான். அங்கே மட்டும் நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். அந்தச் சத்தம் அப்படித்தான் இருக்கிறது, வேறு மாதிரி சொன்னால் பொய்யாகிவிடும் என்றேன். வெள்ளைக்காரனுக்கு அரிசி கொட்டுகிற சத்தம் எங்கே தெரியப் போகிறது என்று சிரித்தான். ஆனால் விட்டுவிட்டான். கடைசியில் என் பெயரைத் தட்டினான். முழுப் பெயர், அப்பா பெயரோடு.

இமெயில் யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். அவனுடையதுதான். எனக்கு ஏது இமெயில்? அதில் ஏதாவது தப்பு இருக்கும் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடுகளில் டெலிபோன் கிடையாது. கீழே ஒரு சீனர் மளிகைக் கடை. எல்லா விண்ணப்பத்திலும் அந்தக் கடை நம்பரைத்தான் எழுதுவோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை, எல்லாவற்றுக்கும். யாராவது கூப்பிட்டால் கடைக்காரரே வெளியே வந்து மேலே பார்த்து, "லந்தாய் லீமா! டெலிபோன்!" என்று கத்துவார். ஐந்தாவது மாடியில் உள்ள நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்போம். யாருக்கு என்று கையைக் காட்டுவார். என் அத்தை இறந்த செய்தி அந்த வழியாகத்தான் வந்தது, எனக்கு அந்தத் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் அந்த வழியாகத்தான் வந்தது. ஒரு நாளும் ஒரு செய்தியும் அவரிடம் தங்கியதில்லை. இன்னொருவர் நம்பரைக் கொடுப்பது எங்களுக்குப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. சந்திரனின் இமெயிலும் எனக்கு அந்தக் கடை டெலிபோன்தான்.

புதன்கிழமை அனுப்பினோம். வியாழன் போய் ஸ்டோர் ஜன்னலில் நின்றேன். இன்னும் வரவில்லை. வெள்ளி போய் நின்றேன். வரவில்லை, வெள்ளைக்காரன் வார இறுதியில் இமெயில் பார்க்க மாட்டான் என்றான். அன்று சம்பலில் எனக்குப் பாதிக்கும் மேல் வைத்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பின்னால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசிக்க எனக்கு ரொம்ப நாள் கிடைத்தது. அடுத்த வாரமும் அப்படியே. "அவன் செத்துகித்துப் போயிருப்பான் லா" என்றான். நான் பாவம் என்றுகூடச் சொன்னேன்.

பிறகு தைப்பூசம் வந்தது. என் அம்மாவுக்காக நேர்ந்துகொண்ட பால்குடம் அந்த வருடம். மூன்று நாள் லீவு எடுத்தேன். தண்ணீர் மலைக் கோயில் ஏறி இறங்கிய கால் வலியோடு வேலைக்குத் திரும்பினால், நாலாம் நம்பர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. பெட்டிகள் வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி போய்க்கொண்டிருக்கின்றன. சந்திரன் செய்தான் என்றார்கள். ஸ்டோரில் இருந்துகொண்டே மூளையைப் பார் என்றார்கள். எப்படிடா என்று அவனிடம் கேட்டேன். சும்மா யோசித்தேன், அடித்தகட்டைத் திறந்து பார்த்தேன், கிடைத்துவிட்டது என்றான்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. இந்த இடத்தில்தான் என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வரும். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்துக் குலுக்கி, "என் மச்சான் லா இவன்" என்றேன். மதியம் என் செலவில் கோழிச் சோறு. ஒரு மாதத்தில் அவனுக்கு நீலச் சட்டை வந்தது. பெயரைத் தைத்தபோது எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம்தான் காட்டினான். சரியாக இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து வருடாந்திரச் சுத்தம். மெஷினின் அடித்தகட்டைக் கழற்றி உள்ளே துடைக்க வேண்டும். அதுவரை நான் அந்தப் பக்கம் திறந்ததில்லை. தகட்டின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த முறை வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று சந்திரன் ஒட்டியிருக்கிறான். வேலை தெரிந்தவன். தாளில் யாருக்கு என்று பெயர் இருக்கும் மேல் பகுதியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தான். இங்கிலீஷில் அச்சடித்த ஏழு எட்டு வரி.

மெதுவாகப் படித்தேன். எனக்கு மெதுவாகத்தான் வரும். இரண்டாவது வரியில் இப்படி இருந்தது: நீங்கள் சொல்கிற சத்தம், தகரத்தில் பச்சரிசி கொட்டுகிற சத்தம், அது பேரிங் இல்லை. எல்லோரும் பேரிங்கைத்தான் தேடுவார்கள். சங்கிலிக்குப் பின்னால் ஒரு கெட்டி பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. அது நொறுங்கித் துகள் துகளாக அடித்தகட்டில் விழுகிறது. நீங்கள் கேட்பது அந்தத் துகள்கள் விழுகிற சத்தம். நீங்கள் நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வரியை அவர் எனக்கு எழுதியிருந்தார். அது ஐந்து மாதமாக ஒரு மெஷினின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பிறகு பட்டையை எப்படி வெட்டிப் போடுவது என்று இருந்தது. கடைசி வரி: சரியாகிவிட்டதா என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை. அதற்கும் கீழே, பிரிண்டர் தானாகப் போடுமே, பொடி எழுத்தில் தேதி. நாங்கள் அனுப்பிய அதே வாரத்து வெள்ளிக்கிழமை. சம்பல் அதிகம் வைத்த வெள்ளிக்கிழமை. அவன் மேலே வெட்டினான், கீழே வெட்ட மறந்துவிட்டான்.

உறையில் மறுபடி வைத்து, தகட்டை மூடி, நாலு திருகாணியையும் இறுக்கிவிட்டுத்தான் போனேன். கேன்டீனில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சந்திரா, பதில் வந்துச்சுதானே?"

கரண்டியைக் கீழே வைத்தான். "ஒனக்கு யாரு சொன்னா?"

"அரிசி சொல்லுச்சு."

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான், நான் லீவில் போய்விட்டேனாம், அப்போதுதான் பதில் வந்ததாம், மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றாராம், எப்படி என்று கேட்டதும் சொல்லிவிட்டானாம். "கை குடுத்தாரு மச்சான். கை குடுத்தப்புறம் என்னத்தச் சொல்றது?"

"என் பேரச் சொல்றது."

தாளின் அடியில் தேதி இருக்கிறது என்று சொன்னேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வேறு யாரோ மாதிரி என்னைப் பார்த்தான்.

"அது என் இமெயிலுக்குத்தான் வந்துச்சு."

மச்சான் என்று சொல்லவில்லை. பிறகு நான் கேட்ட ஒரே கேள்வி, அந்த மனிதருக்குப் பதில் போட்டாயா என்பது. எதுக்கு, மெஷின்தான் ஓடுகிறதே என்றான்.

மேனேஜர் அறை வாசல் வரைக்கும் போனேன். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதைக் காட்டுவது? பெயர் வெட்டிய தாளையா? என் மச்சான் என்று நான் குலுக்கிய கையை அவரும்தானே பார்த்தார்? மறுநாளிலிருந்து பஸ்ஸில் என் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். பாகான் டாலாமில் அவன் ஏறி, பின்னால் போய் உட்கார்ந்தான். இரண்டு வருடத்தில் வேறு தொழிற்சாலைக்குப் பெரிய வேலைக்குப் போனான். நான் நாலாகவே இருந்தேன். பிற்பாடு மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, இப்போது இந்தக் கட்டடத்தின் மின்தூக்கி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பார்க்கிறேன், அது உங்களுக்குத் தெரியும். அப்பா ஏன் யாரையும் மச்சான் என்று கூப்பிடுவதில்லை என்று, கவின், நீ ஒரு தடவை கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில்.

நாலைந்து வருடம் முன்பு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்று, சௌக்கியமா என்று கேட்டான். சௌக்கியம் என்றேன். சாப்பாட்டுப் பந்தியில் சம்பல் வைத்தார்கள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலை அங்கே இல்லை. வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மெஷினைக் கட்டி லாரியில் ஏற்றிய அன்று நான் அங்கேதான் இருந்தேன். அந்தத் தாளை எடுத்து என் கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதன் நகல் ஒன்றை உறையில் வைத்தேன். வாங்குகிறவன் என்ன பாவம் செய்தான்? மளிகைக் கடைக்காரர் காலமாகி, கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். மேலே பார்த்துக் கத்த யாரும் இல்லை, கத்தினாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை. கார் ஏற்றும் ஃபெரியும் போய்விட்டது. புது ஃபெரி வேகமாகப் போகிறது, இறங்கின பிறகுதான் ஏறின ஞாபகம் வருகிறது. இவையெல்லாம் போனதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. இன்னொருவர் நம்பரை யோசிக்காமல் எழுதிக் கொடுத்த அந்தக் கை போய்விட்டது. அதைத்தான் என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மூன்று பேரும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் ஒன்று என்னைக் குத்தியது. தெரிந்துகொள்ள ஆசை என்று ஒருவர் எழுதியிருந்தார். சந்திரன் எழுதவில்லை, சரி. நானும்தான் எழுதவில்லை. அவர் முகவரி என் டைரியிலேயே இருந்தது. எனக்குச் செய்யப்பட்டதை மட்டும் இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். என் சத்தத்தை நம்பிக் கால் மணி நேரம் செலவழித்த ஒரு மனிதரை, பதில் வராத பெட்டிக்கு முன்னால் நானும்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

யாழினி, உன் மடிக்கணினியைக் கேட்காமல் எடுத்தேன். கவின் எனக்கு எப்போதோ திறந்து கொடுத்த இமெயில் இருக்கிறதே, என் பெயரில், மின்சாரக் கட்டணம் மட்டும் வருகிற பெட்டி, அதைத் திறந்தேன். முதலில் நீளமாகத்தான் வந்தது. சந்திரன், சட்டை, கத்தரிக்கோல் எல்லாம். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்தேன். அவருக்கு என் கதை வேண்டாம். தலைப்பில், நாலாம் நம்பர் மெஷின், பசைப் பக்கத்துச் சத்தம் நின்றுவிட்டது என்று போட்டேன். உள்ளே மூன்று வரி: நீங்கள் சொன்ன பட்டைதான். மாற்றியதும் சரியாகிவிட்டது. இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள், ரொம்ப நன்றி. கீழே என் முழுப் பெயர், அப்பா பெயரோடு. ஒரு மன்னிப்பு மட்டும் விட்டுவைத்தேன், அது தேவைப்பட்டது.

அனுப்பினேன். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரி இல்லை என்று மெஷின் அனுப்பிய பதில்.

அதைப் பிரிண்டரில் எடுத்தேன். மேலே, யாருக்கு என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கருவிப் பெட்டியைத் திறந்து, அந்தப் பழைய தாளுக்கு மேலே இதை வைத்தேன். பெட்டிக்கு இது கொஞ்சம் நீளம். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. நான் தாளை நடுவில் ஒரு தடவை மடித்து வைத்து மூடினேன்.